வண்டு கண்ட நிறம்



குறுந்தொகையின் இரண்டாவது பாட்டை நம்மிற் பலர் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். இறையனார் பாடியதென்று குறிக்கப்பட்ட பாட்டு. தருமிக்குப் பொற்கிழி வாங்கிக் கொடுத்த பாட்டென்று திருவிளையாடற் கதை அதைச் சொல்லும். அதிலே காதலன் ஒருவன் பூக்களிடையே திரியும் தும்பியை அழைத்து ஒரு கேள்வி கேட்கிறான். எனக்காக ஒன்றைப் புனைந்து சொல்லாமல் உண்மையைச் சொல் என்று நிபந்தனையும் விதிக்கிறான். அவன் கேட்டது மணத்தைப் பற்றி. காதலியின் கூந்தலைவிட மணமுள்ள பூ உண்டா என்பதுதான் கேள்வி. தும்பி பதில் சொல்லிற்றா என்பது பாட்டில் இல்லை. காதலனுக்கும் பதில் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. அவன் பேசியது காதலியின் காதில் விழுவதற்காக.

இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம் அதே தும்பியிடம் கேட்கப்பட்ட இன்னொரு கேள்வி. மணத்தைப் பற்றியதன்று, நிறத்தைப் பற்றியது. கேட்டவர்கள் கவிஞர்கள் அல்லர், விலங்கியல் அறிஞர்கள். அவர்களுக்குப் பதில் உண்மையாகவே தேவைப்பட்டது. பேச்சில்லாத பூச்சியிடமிருந்து அந்தப் பதிலை எப்படிப் பெற்றார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

பூச்சிக்கு நிறம் தெரியுமா என்று யாராவது கேட்டால் நாம் சிரிப்போம். தெரியாவிட்டால் பூக்கள் ஏன் இத்தனை நிறத்தில் மலர வேண்டும் என்று திருப்பிக் கேட்போம். ஆனால் விடயம் அவ்வளவு இலேசானதன்று. பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கதாநாயகியின் சேலை சிவப்பா பச்சையா என்று நமக்குத் தெரியாது. எனினும் அந்தச் சேலை அருகிலுள்ள சுவரைவிடக் கருமையானது என்று தெரியும். சேலையைச் சுவரிலிருந்து பிரித்தறிவதில் ஒரு சிரமமும் இல்லை. அப்படியானால் தேனீ ஒன்று நீலக் கடதாசியைத் தேடி வருவதைக் கொண்டு அது நீலத்தைக் கண்டது என்று சொல்லிவிட முடியாது. மற்றக் கடதாசிகளைவிடச் சற்று இருண்ட சாம்பல் நிறத்தைக் கண்டு அது வந்திருக்கலாம்.

இந்தச் சிக்கலில் முதலில் கால் வைத்தவர்களுள் ஒருவர் ஜோன் லபொக் என்ற ஆங்கிலேயர். தொழிலால் வங்கியாளர், பாராளுமன்ற உறுப்பினர், 1871ஆம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டு வந்தவரும் அவரே. ஓய்வு நேரத்தில் எறும்பும் தேனீயும் வளர்த்தார். நிறக் கடதாசிகளின் மேல் தேனை வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். எறும்புகளைக் கொண்டு அவர் செய்த பரிசோதனை அதைவிட அருமையானது. கூட்டைக் கிளறினால் எறும்புகள் தம் கூட்டுப்புழுக்களை வெளிச்சத்திலிருந்து தூக்கிச் சென்று இருளில் வைக்கும் அல்லவா? சூரிய ஒளியை முப்பட்டகக் கண்ணாடியால் நிறங்களாகப் பிரித்து அவற்றின் மேல் லபொக் விழச் செய்தார். எறும்புகள் ஊதா நிறத்துக்கும் அப்பால், மனிதக் கண்ணுக்கு வெறும் இருளாகத் தெரிந்த இடத்திலிருந்து புழுக்களை அவசரமாக அகற்றின. சிவப்பு ஒளியில் கிடந்தவற்றைப் பற்றி அவை அவ்வளவு அலட்டிக்கொள்ளவில்லை. நாம் காணாத ஊதாக்கடந்த ஒளியை எறும்பு காண்கிறது என்பது 1880களிலேயே இவ்வாறு தெரிய வந்தது.

ஆயினும் லபொக்கின் தேனீப் பரிசோதனையில் நான் முன்னே சொன்ன ஓட்டை இருந்தது. அந்த ஓட்டையைப் பிடித்துக் கொண்டவர் ஜேர்மனியின் மியூனிக் நகரத்துக் கண் மருத்துவப் பேராசிரியர் கார்ல் வொன் ஹெஸ். பெரிய மனிதர், கண்ணைப் பற்றி அவர் சொன்னால் மறுப்பேச்சில்லை. அவர் தேனீக்களை இருட்டறையில் அடைத்து, இரு பக்கத்திலும் வெவ்வேறு நிற விளக்குகளை ஏற்றினார். நிறக்குருடான மனிதனுக்கு எது வெளிச்சமாகத் தோன்றுமோ அந்தப் பக்கத்துக்கே தேனீக்கள் ஓடின. ஆகவே தேனீக்கு நிறம் தெரியாது; முள்ளந்தண்டில்லாத உயிர் எதற்குமே தெரியாது; மீன்களுக்கும் தெரியாது என்று அவர் தீர்ப்பளித்து விட்டார்.

இதை ஏற்க மறுத்தவர் அதே மியூனிக்கில் அப்போது இளம் விரிவுரையாளராக இருந்த ஒஸ்ரியர், கார்ல் வொன் பிறிஷ். ஹெஸ் கேட்ட கேள்வியே பிழை என்பது அவருடைய கட்சி. அடைத்து வைத்த தேனீ தப்பி ஓடப் பார்க்கிறது. தப்பி ஓடுபவன் கதவின் நிறத்தையா பார்ப்பான்? வெளிச்சம் வரும் திசையை நோக்கி ஓடுவான். நிறத்தைக் கேட்பதானால், நிறம் தேவைப்படும் வேலையில் தேனீ ஈடுபட்டிருக்கும்போது கேட்க வேண்டும். அதாவது, அது உணவு தேடும் வேளையில்.

பிறிஷ் செய்த பரிசோதனைக்கு ஒரு மேசையும் சில கடதாசி அட்டைகளும் போதுமாயிருந்தன. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாகக் கருகிச் செல்லும் சாம்பல் நிற அட்டைகளைச் சதுரங்கப் பலகை போல அடுக்கினார். நடுவே எங்கோ ஓர் அட்டை மாத்திரம் நீலம். நீல அட்டையின் மேலிருந்த கண்ணாடிக் கிண்ணத்தில் சீனிக் கரைசல். மற்றக் கிண்ணங்கள் வெறுமை. தேனீக்கள் வந்து குடித்துப் பழகின. இடத்தை நினைவில் வைத்து வருகின்றனவோ என்ற ஐயம் எழாதபடி நீல அட்டையை அடிக்கடி இடம் மாற்றினார். பிறகு எல்லாவற்றையும் அகற்றிப் புதிய அட்டைகளை அடுக்கி, எல்லாக் கிண்ணங்களையும் வெறுமையாக வைத்தார். வாசனையால் வருகின்றன என்று சொல்ல இடமில்லாதபடி கண்ணாடித் தகட்டால் மூடியும் பார்த்தார். தேனீக்கள் நீல அட்டைக்கே வந்தன. நிறம் தெரியாத கண்ணாக இருந்தால், அத்தனை சாம்பல் அட்டைகளுள் ஒன்றாவது நீலத்தைப் போலவே தோன்றி அதைக் குழப்பியிருக்க வேண்டும். தேனீ குழம்பவில்லை. 1914ஆம் ஆண்டு இந்த முடிவுகள் வெளிவந்தன.

இந்த வேலையின் சிறப்பு, தேனீ எதை விரும்புகிறது என்று பாராமல், அதற்கு ஒன்றைக் கற்பித்து, கற்றதை எங்கே அடையாளம் காண்கிறது என்று பார்த்ததுதான். அப்படிக் கேட்டபோது ‘இல்லை’ என்ற பதிலும் கிடைத்தது. சிவப்பு அட்டையில் பழக்கிய தேனீக்கள் சோதனையின்போது சிவப்புக்கும் வந்தன. கறுப்பு அட்டைக்கும் கருஞ்சாம்பல் அட்டைக்கும் அதே ஆவலோடு வந்தன. தேனீயின் கண்ணுக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்று. நம் முற்றத்துச் செவ்வரத்தை அதற்குப் பச்சை இலைகளிடையே ஓர் இருண்ட பூவாகத்தான் தோன்றும். ஐரோப்பாவில் வயல்களில் மலரும் சிவப்புப் பொப்பிப் பூவுக்குத் தேனீக்கள் செல்கின்றனவே என்றால், அந்த இதழ்கள் ஊதாக்கடந்த ஒளியைத் தெறிக்கின்றன. தேனீ காண்பது அதை.

பிறகு வந்தவர்கள் அளவுகளைத் துல்லியமாக்கினார்கள். தேனீயின் கண்ணில் மூன்று வகை ஒளியுணர் கலங்கள் உள்ளன. ஒன்று ஊதாக்கடந்த ஒளியில், ஏறத்தாழ 344 நனோமீற்றர் அலைநீளத்தில் மிகக் கூர்மையாக இருக்கும். மற்றது 436இல், நீலத்தில். மூன்றாவது 544இல், பச்சையில். நமக்கும் மூன்று வகைதான்; ஆனால் நம்முடையவை நீலம், பச்சை, சிவப்பு என்ற பக்கம் சாய்ந்தவை. சிவப்பும் நீலமும் கலந்தால் நமக்குக் கத்தரிப்பூ நிறம் தெரிகிறதல்லவா? தேனீக்கு அதன் நிறமாலையின் இரு முனைகளான ஊதாக்கடந்த ஒளியும் மஞ்சளும் கலந்தால் தனியான ஒரு நிறம் தெரிகிறது. 1956இல் கார்ல் டவுமர் இதைக் காட்டினார். சூரியகாந்தியின் இதழ் நமக்கு முழுவதும் மஞ்சள். அந்த இதழின் நுனி ஊதாக்கடந்த ஒளியைத் தெறிக்க, அடிப்பாகம் அதை உறிஞ்சிவிடுவதால், பூவின் நடுவைச் சுற்றித் தேனீ வேறு நிறத்தில் ஒரு வட்டத்தைக் காண்கிறது. இதழ் நுனியின் அந்தக் கலப்பு நிறத்துக்குத் தமிழில் பெயரில்லை. எந்த மொழியிலுமே இருக்க முடியாது. ‘தேனீக் கத்தரிநிறம்’ என்று அறிஞர்கள் வைத்த பெயரும் ஓர் ஒப்புக்குத்தான்.

தேனீ நிறத்தை எந்தக் கணத்தில் கற்கிறது? 1931இல் எலிசபெத் ஒப்பிங்கர் என்ற பெண் ஆய்வாளர், தேனீ வந்து இறங்கும்போது ஒரு நிறம், குடிக்கும்போது வேறு நிறம், புறப்படும்போது இன்னொரு நிறம் என்று அடியிலுள்ள தட்டின் நிறத்தை மாற்றிப் பார்த்தார். தேனீ நினைவில் வைத்தது இறங்கி வரும்போது கண்ட நிறத்தை மாத்திரமே. இனிப்பின் மேல் நின்று நெடுநேரம் பார்த்த நிறம் அதன் மனதில் பதியவில்லை. பிற்காலத்தில் மென்செல் என்ற ஜேர்மன் அறிஞர் அந்தக் கணத்தை, நாக்கில் இனிப்புப் படுவதற்கு முந்திய இரண்டொரு விநாடி என்று குறுக்கிக் காட்டினார். எல்லா நிறத்தையும் தேனீ ஒரே வேகத்தில் கற்பதில்லை என்பதையும் அவர் கண்டார். ஊதாவை மிக விரைவில் கற்கிறது. நீலப்பச்சையில் மெதுவாகப் படிக்கிறது. நம் பிள்ளைகளுக்கும் எல்லாப் பாடமும் ஒன்றுபோல வருவதில்லையே.

விருப்பம் வேறு, அறிவு வேறு என்றேன். வண்ணத்துப்பூச்சிகளிடம் இது இன்னும் தெளிவு. டோரா இல்ஸே என்ற ஜேர்மன் அம்மையார் 1930களில் கோவா வெள்ளை வண்ணத்துப்பூச்சியைக் கவனித்தார. பசித்திருக்கையில் அது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் செல்கிறது. பச்சையைத் திரும்பியும் பாராது. முட்டையிடும் வேளை வந்தாலோ பெண் பூச்சி பச்சைக் கடதாசியில் அமர்ந்து முன்னங்கால்களால் தாளம் போடுவது போலத் தட்டிப் பார்க்கிறது. ஒரே கண்தான், வயிறு கேட்கும் நிறம் வேறு, வம்சம் கேட்கும் நிறம் வேறு. இந்த அம்மையார் பின்னர் இந்தியாவிலே பூனாவுக்கு வந்து, வைத்யா என்பவரோடு சேர்ந்து, நம் தேசி மரத்திலும் கறிவேப்பிலையிலும் புழுவாக வளரும் அந்தக் கறுப்பு மஞ்சள் வண்ணத்துப்பூச்சியையும் ஆராய்ந்து 1956இல் எழுதினார். பூவையே காணாத புதுப் பூச்சியும் நீலத்தையும் ஊதாவையும் நாடிச் சென்று உறிஞ்சு குழலை நீட்டிற்று. அது பிறவிக் குணம். ஆனால் பிறவிக் குணத்தோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. வேலியோரத்து நாயுண்ணிப் பூங்கொத்தைப் பாருங்கள். அன்று மலர்ந்த பூ மஞ்சள். நாள் ஏற ஏறச் செம்மஞ்சளாகிச் சிவந்து விடும். தேன் இருப்பது மஞ்சளில். மார்த்தா வைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1991இல் காட்டியதுபோல, வண்ணத்துப்பூச்சிகள் சிவந்ததை விட்டு மஞ்சளையே நாடுகின்றன. வேறொரு வண்ணத்துப்பூச்சி இனத்தைக் கொண்டு அவர் பின்னர் செய்த சோதனைகளில், பிறவியில் விரும்பாத நிறத்தில் தேன் வைத்தாலும் சில தடவைகளிலேயே அது அந்நிறத்தைக் கற்றுக்கொண்டது.

தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் கவிஞர்களின் செல்லப்பிள்ளைகள். இலையானைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? குப்பையில் அமர்வது, விரட்டினால் மீண்டும் அதே இடத்துக்கு வருவது, இதைத் தவிர அதற்கு என்ன தெரியும் என்று நாம் மாத்திரமல்ல, அறிஞர்களும் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். தேனீயைப் போலக் கூட்டுக்கும் பூவுக்குமாகத் திரும்பத் திரும்ப வராததால் அதற்குப் பாடம் நடத்துவதும் கடினம். வழியைக் காட்டியது இலையானின் ஒரு பழக்கம். பசித்த இலையானுக்கு ஒரு துளி சீனிக் கரைசலைக் கொடுத்து உடனே அகற்றிவிட்டால், அது அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து தேடும். ஜப்பானிய ஆய்வாளர் புகுஷி 1980களில் இதைப் பயன்படுத்தினார். மீன் சந்தையில் நாம் காணும் பச்சைப் பளபளப்பு இலையானின் இனத்தைச் சேர்ந்தது அவர் எடுத்தது. ஒரு நிறக் கடதாசியின் மேல் இனிப்பைக் கொடுத்தால், பிறகு அது பல நிறங்களுக்கிடையே அந்த நிறத்தையே தேடி நடந்தது. இலையானும் நிறம் படிக்கிறது!

1993இல் நிக்கொலாஸ் துரோஜே இதே இனத்தைக் கொண்டு கேட்ட கேள்வி இன்னும் நுட்பமானது. எத்தனை நிறங்களை இலையான் பிரித்தறியும்? விடை வியப்பானது. ஏறத்தாழ 400 நனோமீற்றருக்குக் கீழே ஒரு நிறம். 400 முதல் 515 வரை ஒரு நிறம். அதற்கு மேலே ஒரு நிறம். அவ்வளவுதான். ஒரு பிரிவுக்குள் பச்சையும் மஞ்சளும் செம்மஞ்சளும் கிடந்தாலும் இலையானுக்கு அவை ஒன்றே. நமது நிறமாலை மெல்ல மெல்ல மாறிச் செல்கிறது. இலையானுடையது மூன்று அறையுள்ள வீடு. குறையென்று இதை நான் சொல்லமாட்டேன். மாங்காய்க்கும் மாம்பழத்துக்கும் இடைப்பட்ட நிறங்களையெல்லாம் பார்த்துப் பறிக்க வேண்டிய தேவை நமக்கு. இலையானுக்கு அது மூக்கின் வேலை.

பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றும் மிகச் சிறிய ஈ ஒன்று உண்டு. ஆய்வுகூடத்தில் அதன் பெயர் துரோசொபிலா. ஒவ்வொரு கண்ணிலும் ஏறக்குறைய 750 சிறு கண்கள். ஒவ்வொன்றிலும் எட்டு ஒளியுணர் கலங்கள். இவற்றில் வெளிப்புறத்து ஆறும் அசைவைக் காண்பதற்கு, உள்ளிருக்கும் இரண்டுமே நிறத்துக்கு என்று வேலை பிரித்துப் பாடநூல்களில் எழுதி வைத்திருந்தார்கள். 2013இல் ஷ்னைற்மான், தனிமோட்டோ முதலியோர் பசித்த ஈக்களுக்குச் சீனி கொடுத்து நீலத்தையும் பச்சையையும் கற்பித்து, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் சோதித்து, அந்த ஆறும் நிறத்துக்கு உதவுகின்றன என்று காட்டினார்கள். மேசை மேல் சாம்பல் அட்டைகளை அடுக்கிய பிறிஷின் தந்திரமேதான். நூறு ஆண்டுகளுக்குப் பின் விளக்கொளியில் நடந்தது. 2014இல் இன்னொன்றும் தெரிய வந்தது. ஈயின் மூளையில் காளான் வடிவான ஒரு பகுதி உண்டு. மணத்தைக் கற்கும்போது ‘இது நல்லது, இது கெட்டது’ என்று அங்கே செய்தி சொல்லும் நரம்புகளே நிறத்தைக் கற்கும்போதும் சொல்கின்றன.

இதெல்லாம் அறிஞரின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு ஆபிரிக்காவைக் காட்டலாம். அங்கே செற்சி என்ற இரத்தம் குடிக்கும் ஈ உறக்க நோயைப் பரப்புகிறது. சிகிச்சையில்லாவிட்டால் பெரும்பாலும் மரணந்தான். இந்த ஈ பிறவியிலேயே நீலத்தை நாடும். 1970களிலிருந்து நீலத் துணியால் பொறி செய்து அதைப் பிடித்து வருகிறார்கள். பழைய பருத்தித் துணி வெயிலிலும் மழையிலும் கிழிந்து போக, உறுதியான பொலியெஸ்டர் துணிக்கு மாறினார்கள். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலம். ஈயோ புதிய துணிக்கு முன்போல வரவில்லை! 2010களில் றொஜர் சான்ரர் என்ற பிரித்தானியர், செற்சியின் ஒளியுணர் கலங்கள் ஒவ்வொரு துணியையும் எப்படிக் காணும் என்று கணக்கிட்டு, ஈயின் கண்ணுக்கு ஏற்ற ஊதாப் பொலியெஸ்டர் துணியை வடிவமைக்க வழி செய்தார். இப்போது பூச்சிமருந்து தோய்த்த, ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் அகலமும் 50 சென்ரிமீற்றர் நீளமுமான சிறு நீலத் துண்டுகளை ஆற்றங்கரைகளில் நட்டு வைக்கிறார்கள். 1998இல் ஏறத்தாழ நாற்பதாயிரம் பேருக்கு உறக்க நோய் பதிவாயிற்று. 2018இல் பதிவானது ஆயிரத்துக்கும் குறைவு. நோயாளரைத் தேடிச் சென்று மருந்து கொடுத்த வைத்தியர்களுக்கே அதில் பெரும்பங்கு. நீலத் துணிக்கும் ஒரு பங்கு உண்டு.

நமது மிளகாய்த் தோட்டங்களில் கிறீஸ் பூசி நடும் மஞ்சள் பலகையும் இதே குடும்பம். வெண் ஈயும் சாறு உறிஞ்சும் அழுக்கணவனும் அதைப் பூவென்று நினைத்து வருவதில்லை. அவற்றின் கண்ணுக்கு மஞ்சள் என்பது மிகவும் பச்சையான இலை!

கடைசியாக இரவுக்கு வருவோம். இருட்டில் நமக்கு நிறம் தெரியாது. நிலவிலும் ரோசாப்பூ சாம்பல் நிறந்தான். எல்லா உயிருக்கும் அப்படியே என்று நினைத்திருந்தபோது, 2002இல் அல்முத் கெல்பரும் அவருடைய தோழர்களும் ஓர் இராப் பூச்சியை நட்சத்திர வெளிச்சத்தில் நீலப் பூவுக்கும் மஞ்சள் பூவுக்கும் பழக்கிக் காட்டினார்கள். 2008இல் ஹேமா சோமநாதன் முதலியோர் மகாராஷ்டிராவின் மலைக்காட்டில், மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டு ஒன்றை ஆராய்ந்தார்கள். நிலவில்லாத இரவிலும் அது பறக்கும். அதன் அறிவியற் பெயர் சைலோகோபா திராங்கிபாரிக்கா. அந்தத் திராங்கிபார் வேறெதுவுமன்று, நமது தரங்கம்பாடிதான். கூட்டின் வாயிலில் வைத்த நிற அடையாளத்தை அது கற்றுக்கொண்டது. அடையாளத்தை இடம் மாற்றிச் சாம்பல் அட்டைகளுக்கிடையே வைத்தாலும் நட்சத்திர ஒளியில் அதைத் தேடிக் கண்டுபிடித்தது. அந்த இருட்டில், வெறுங்கண்ணோடு நிற்கும் மனிதருக்கு எல்லா அட்டைகளும் சாம்பல்.